எவரார்தோவின் நிழல்

கூக்கா துணியின் நான்கு முனைகளையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். தரையில் வைத்தாள். முழங்காலை மாற்றி ஊன்றிக்கொண்டு இன்னொரு முறை தூக்கினாள்.

"ஒண்ணுமில்லக்கா. வெறும் துணிதான் இருக்கு" என்றாள்.

ஓத்திலியா மகளைப் பார்த்தாள். நோயெமி தன் செருப்பைப் பார்த்தாள். மேடையில் பித்தளைக் குழல்காரர்கள் அடுத்த பாட்டுக்குத் தயாராக ஒருவர் மாற்றி ஒருவர் ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரியாப் பாத்தியா?"

"வாரம் ஆறு நாள் கடையில தக்காளியும் வெங்காயமும் நிறுத்துப் போடறவ நான். கைக்குத் தெரியாதா? அவரு இதுல இல்ல."

கூக்காவுக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலை. ஆனால் அமெரிக்காவின் ஜோலியட் நகரத்தில் இருக்கிற, மெக்சிகோவின் கெரேரோ கடற்கரையிலிருந்து வந்தவர்கள் வீட்டில் சாவு விழுந்தால் செபம் சொல்ல அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளுடைய அம்மா ஊரில் செய்த வேலை அது. அம்மாவுக்கு இனிமையாகப் பேசத் தெரியுமாம். மகளுக்கு அது வரவில்லை.

வீட்டுக்கு வெளியே செத்தவனின் உடம்பை யார் வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம் என்பது அந்த ஊர்க்காரர்களின் கணக்கு. ஆம்புலன்ஸ்காரன் தூக்கலாம், போலீஸ்காரன் தூக்கலாம். நிழல் அப்படி வராது. உயிர் போன இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். வீட்டு மனிதர்கள் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, அந்த இடத்து மண்ணோடு துணியில் ஏந்தி, பேசாமல், திரும்பிப் பார்க்காமல் கொண்டுவர வேண்டும். அடக்கத்துக்கு முன் அது நடக்காவிட்டால், பிறகு நடக்கவே நடக்காது. திருவிழாவோ நகராட்சியின் கார் நிறுத்துமிடத்தில் நடக்கிறது. அங்கே மண்ணுக்கு எங்கே போவது? சாமந்திக் கொத்தால் தார்த்தரையைப் பெருக்கியதில் கூக்காவுக்குக் கிடைத்தது கொஞ்சம் தூசி, இரண்டு சோள மணி, ஒரு பாட்டில் மூடி. அதைத்தான் துணியில் போட்டிருந்தாள்.

மறுநாள் காலை ஓத்திலியாவின் புருஷன் எவரார்தோவுக்கு அடக்கம். இன்று மாலை திருவிழா முடிந்ததும் தண்ணீர் லாரி வரும். வருஷா வருஷம் வரும். எண்ணெய்ப் பிசுக்கு, எலும்பு, காகிதத் தட்டு எல்லாவற்றையும் அடித்துக் கழுவிச் சாக்கடையில் விட்டுவிட்டுப் போய்விடும்.

"நான் கூப்பிட்டு அவரு வராம இருந்ததே இல்ல" என்றாள் ஓத்திலியா. தன் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் கிடந்த பழப்பெட்டிகளின் மேல் உட்கார்ந்தாள். நேற்று அவள் புருஷன் செத்துக் கிடந்த பெட்டிகள் அவை. "நேத்து ராத்திரி முழுக்க வாசக்கதவத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நாய்கூட எட்டிப் பாக்கல."

"கோவத்தோட போயிருந்தா வராதுக்கா. கடைசியா ஏதாச்சும் சண்ட போட்டீங்களா?"

"கூக்கா!" என்றாள் நோயெமி.

"கேக்கணும்ல? கேக்காம எப்படி?"

ஓத்திலியா சமையல் ஏப்ரனின் நாடாவை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். "கக்கூஸுக்குப் போறேன்னாரு. அப்பத்தான் கூட்டம் வருது. கல்லு மேல அத்தன ரொட்டி வெந்துக்கிட்டிருக்கு. காலையிலேருந்து எத்தன தடவ, போய்த் தொலைங்கன்னு சொன்னேன்." நாடாவை விட்டாள். "போயிட்டாரு."

கூக்கா துணியை மடிக்கத் தொடங்கினாள்.

அம்மா அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் அழவில்லை. அந்த ஒரு வார்த்தையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இனி எழுபது வயதிலும் எண்பது வயதிலும் அதை வைத்துக்கொண்டு இப்படியே உட்கார்ந்திருப்பாள் என்பது மகளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதை மாற்ற நோயெமியால் முடியும். ஒரே ஒரு உண்மையைச் சொன்னால் போதும். ஆனால் அந்த உண்மை இதைவிட மோசமானது என்று அவள் நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள்.

கடையின் முன்பக்கத் திரையை யாரோ தட்டினார்கள். திரையில் கறுப்பு நாடா குத்தியிருந்தும் காலையிலிருந்து இப்படித்தான். நோயெமி எழுந்து போனாள். கைக்குழந்தையைத் தோளில் போட்டபடி ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். ஒவ்வொரு திருவிழாவுக்கும் தவறாமல் வருகிறவள்.

"என்ன, மூடிட்டீங்க? நான் சாப்பிடாம வந்தேனே. உங்கப்பா என்னடான்னா அங்க ஜாலியா உக்காந்திருக்காரு!"

"எங்க?"

"அந்தக் கடைசி வரிசையில. பொசோலே சூப்புக் கடைக்குப் பின்னாடி, ஒரு வாளி மேல. எவரார்தோ அண்ணேன்னு கூப்பிட்டேன், திரும்பவே இல்ல. சாப்பாட்டுல அவ்ளோ மும்முரம்."

"எப்பப் பாத்தீங்க?"

"இப்பத்தான். ஐஸ் வாங்கப் போனப்ப."

குழந்தை நோயெமியின் தலைமுடியைப் பிடிக்கக் கை நீட்டியது. நோயெமி திரையை இழுத்துவிட்டாள். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. அவளுக்குக் கைகள் சில்லிட்டுப் போயிருந்தன.

நேற்று நடந்தது இதுதான். மேடையில் பாவாடை சுழலும் நடனம் நடந்துகொண்டிருந்தபோது அவளுடைய போன் அடித்தது. பேர் தெரியாத எண். "நான் பாசிலியோ. ஒங்க சித்தப்பா. பின்னாடி வழியா என் கடைக்கு ஓடி வா. அம்மாகிட்டச் சொல்லாத" என்றது குரல். பத்துப் பன்னிரண்டு வருஷமாகக் கேட்காத குரல். ஓடினாள். சித்தப்பாவின் பொசோலே கடைக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்ட கொழுப்பு வாளியின் மேல் அப்பா உட்கார்ந்திருந்தார். முதுகு ஐஸ் பெட்டியில் சாய்ந்திருந்தது. மடியில் காலிக் கிண்ணம். மீசையில் பச்சைச் சாறு.

"ரெண்டாவது கிண்ணம் கேட்டாரு. ஊத்திக்கிட்டுத் திரும்புறேன், இப்படி இருக்காரு" என்றார் பாசிலியோ. அவர் கையில் அந்த இரண்டாவது கிண்ணம் தளும்பிக்கொண்டிருந்தது. மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாயிற்று, மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாயிற்று, நெஞ்சை அமுக்கிப் பார்த்தாயிற்று என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

நோயெமி ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். எந்தக் கடை என்று கேட்டார்கள். அவள் வாயில் அம்மாவின் கடைப் பெயர்தான் வந்தது. அதன் பிறகு யோசிக்கவே இல்லை. தன் சட்டைக் கையால் அப்பாவின் மீசையைத் துடைத்தாள். சித்தப்பா தோள்களைப் பிடிக்க, அவள் கால்களைப் பிடிக்க, ஜெனரேட்டர்களுக்கும் கேபிள்களுக்கும் நடுவே தூக்கிக்கொண்டு போய்ப் பழப்பெட்டிகளின் மேல் கிடத்தினார்கள். ஊரே நடனம் பார்த்துக்கொண்டிருந்தது. வண்டியில் வாழையிலை எடுக்கப் போயிருந்த அம்மா வருவதற்குள் பாசிலியோ போய்விட்டார்.

சொந்தத் தம்பி கடையில் செத்ததற்கு இவ்வளவு மறைப்பா என்று வெளியாள் கேட்கலாம். வெளியாளுக்கு நோயெமியின் பதினைந்தாம் பிறந்தநாள் விருந்து தெரியாது. அன்று நன்றாகக் குடித்துவிட்டு மைக்கைப் பிடித்த பாசிலியோ, "எங்கம்மா வச்ச பொசோலேல வளந்தவன் எங்கண்ணன். கல்யாணம் ஆன நாள்லேருந்து பாவம், பாத்திரம் கழுவின தண்ணியக் குடிச்சுக்கிட்டிருக்கான்" என்று நானூறு பேருக்கு முன்னால் சொன்னார். மண்டபமே சிரித்தது. சமையல்தான் ஓத்திலியாவின் சொத்து, பேர், மானம் எல்லாம். அவள் சிரிக்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். புருஷனும் சிரித்துவிட்டு வாயை மூடியதைப் பார்த்தாள். அன்று இரவே சொல்லிவிட்டாள், அவன் கையால் ஒரு வாய் தின்றால் என் வீட்டுப் படி ஏறக்கூடாது என்று. அன்றிலிருந்து அவள் வீட்டில் பொசோலே வைத்ததில்லை.

நோயெமி கடைக்குப் பின்னால் வந்தாள். கூக்கா துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அவரு உன்மேல கோவமா இல்ல."

"உனக்கென்ன தெரியும்?"

"அவரு இங்க சாகலம்மா."

கூக்காவின் கை நின்றது. நோயெமி எல்லாவற்றையும் சொன்னாள். ஒரே மூச்சில், தரையைப் பார்த்துக்கொண்டே. சொல்லி முடித்ததும் பெரிய நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தாள். அப்படி ஒன்றும் வரவில்லை. பயமாகத்தான் இருந்தது.

மேடையில் யாரோ பரிசுச்சீட்டு எண்களை அறிவித்தார்கள்.

"என்ன சாப்பிட்டாரு?" என்றாள் ஓத்திலியா.

"பொசோலே."

"வெள்ளையா? பச்சையா?"

"பச்சை."

"எத்தன வருஷமா?"

"ஒவ்வொரு திருவிழாவுக்கும் வருவாராம். சித்தப்பா சொன்னாரு. ரெண்டு பேரும் பேசிக்கக்கூட மாட்டாங்களாம். அப்பா வாளியில உக்காருவாராம், சித்தப்பா ஊத்துவாராம், குடிச்சிட்டுக் கெளம்பிருவாராம்."

ஓத்திலியா எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் மெல்ல மாறியது.

"அப்ப, திருவிழா வந்தா அவருக்கு அடிக்கடி ஒண்ணுக்கு வருமே..."

நோயெமி தலையசைத்தாள்.

"மூத்திரப் பை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேனே! அவனும் மாத்திரை எழுதிக் குடுத்தானே! ரெண்டு வருஷம் வேளாவேளைக்கு முழுங்கினாரே, அந்த மனுஷன்!"

கூக்கா சிரித்துவிட்டாள். உடனே சிலுவை போட்டுக்கொண்டாள். ஓத்திலியாவின் உதடும் ஒரு கணம் கோணியது. அது சிரிப்பா என்று நோயெமியால் சொல்ல முடியவில்லை. அதற்குள் அவள் எழுந்து நின்றிருந்தாள். ஏப்ரனை அவிழ்த்துப் பெட்டி மேல் போட்டாள். கலைந்திருந்த கொண்டையைப் பிரித்து இறுக்கிப் போட்டாள்.

"துணிய எடு, கூக்கா."

கடைகளின் பின்வழியாக மூவரும் நடந்தார்கள். பாதிக் கடைகளில் மூட்டை கட்டத் தொடங்கியிருந்தார்கள். வாசலருகே தண்ணீர் லாரி வந்து நின்றுவிட்டது. டிரைவர் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு வறுத்த சோளக்கதிர் கடித்துக்கொண்டிருந்தான். நோயெமிக்கு ஒவ்வொரு அடியிலும், முன்னால் போகிற அம்மா சட்டென்று திரும்பி வந்துவிடுவாளோ என்றிருந்தது. அதைவிட, அந்த மூலை திரும்பியதும் என்ன கண்ணில் படுமோ என்றிருந்தது.

வாளி காலியாகத்தான் இருந்தது.

ஆனால் அதைச் சுற்றி இடமும் காலியாக இருந்தது. அந்தச் சின்ன இடத்தில் பாசிலியோவின் வேலைக்காரர்கள் பாத்திரமும் விறகும் சாமானுமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் வாளியைச் சுற்றிக்கொண்டுதான் போனார்கள். ஒருவனும் அதன் மேல் எதையும் வைக்கவில்லை. யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அண்டா சுரண்டிக்கொண்டிருந்த பாசிலியோ நிமிர்ந்தார். பெரிய உடம்பு. அண்ணனைப் போலவே மீசை. தொப்பியைக் கழற்றினார்.

"அண்ணி."

ஓத்திலியா அவரைப் பார்க்கவில்லை. "எங்க?" என்றாள்.

அவர் வாளியைக் காட்டினார்.

கூக்கா வாளிக்கு முன்னால் துணியை விரித்தாள். கண்ணாடிக் குவளையில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். சாமந்திக் கொத்தால் தரையைப் பெருக்கித் துணியில் சேர்த்துவிட்டுச் செபத்தை முணுமுணுத்தாள். பிறகு ஓத்திலியாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள்.

"எவரார்தோ, வாங்க. வீட்டுக்கு வாங்க. உங்க வீடு காத்துக்கிட்டிருக்கு" என்றாள் ஓத்திலியா. சர்ச்சில் வாசகம் படிக்கிற குரல்.

கூக்கா தூக்கிப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"நான் ஒரு தடவ கூப்பிட்டுப் பாக்கட்டுமா அண்ணி? சின்ன வயசுல நான் கூப்பிடற பேரு ஒண்ணு இருக்கு" என்றார் பாசிலியோ.

ஓத்திலியா கையை உயர்த்தினாள். அவர் நிறுத்திக்கொண்டார். அவள் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கடைசியா என்ன சொன்னாரு?"

பாசிலியோ தொப்பியைக் கசக்கினார். "என்னதான் இருந்தாலும் எங்க வீட்டுக்காரி கைப்பக்குவம்..."

"பொய் சொல்லாத. உனக்கு அது வராது. அன்னிக்குக் குடிச்சுட்டு மைக்கப் பிடிச்சப்பவே பொய் வரல."

அவர் தலை குனிந்தது. ஜெனரேட்டர் ஒன்று இருமி நின்றது. அந்த அமைதியில் அவர் சொன்னது மெதுவாக இருந்தாலும் எல்லோருக்கும் கேட்டது. "அம்மா வச்ச மாதிரியே இருக்குடான்னாரு. இன்னொரு கிண்ணம் ஊத்துன்னாரு."

நோயெமி கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்தது, அம்மா இப்போது துணியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள் என்று நினைத்தாள்.

"மிச்சம் இருக்கா?" என்றாள் ஓத்திலியா.

"அடியில கொஞ்சம்..."

"ஊத்து."

பாசிலியோ அண்டாவைச் சாய்த்து, கரண்டியால் வழித்து ஒரு கிண்ணம் நிரப்பினார். வெடித்த வெள்ளைச் சோளம், பன்றிக்கறி, பூசணி விதை அரைத்த பச்சைச் சாறு. மேலே முள்ளங்கி வைத்தார், வெங்காயம் தூவினார், எலுமிச்சை பிழிந்தார். கடைக்கு வருகிறவர்களுக்குச் செய்கிற எல்லாவற்றையும் ஒன்று விடாமல் செய்தார். ஓத்திலியா கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, வாளிக்கு எதிரே வேறொரு ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

அவள் சாப்பிடுவதை எல்லோரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வேலைக்காரன் கையில் விறகோடு அப்படியே நின்றான். அவள் அவசரப்படவில்லை. முதல் வாயை நாக்கில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள், சமையல்காரி அடுத்த சமையல்காரியின் குழம்பை யோசிக்கிற மாதிரி. பிறகு கறியைப் பிய்த்துத் தின்றாள். சோளத்தை ஒவ்வொன்றாக மென்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. மிளகாய்தான் என்பதுபோல அதைப் புறங்கையால் துடைத்துவிட்டுத் தொடர்ந்து சாப்பிட்டாள். கடைசியில் கிண்ணத்தைத் தூக்கிச் சாற்றைக் குடித்தாள்.

"உப்பு சரியா இருக்கு" என்றாள்.

பாசிலியோ முகத்தை அண்டாப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய பெரிய முதுகு குலுங்கியது.

ஓத்திலியா கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். எழுந்தாள். வாளியைப் பார்த்து, தினமும் வீட்டில் பேசுகிற குரலில், பாதிச் சலிப்பும் பாதி அதட்டலுமாகச் சொன்னாள்.

"போதும். சாப்ட்டாச்சுல்ல? எந்திரிங்க, போகலாம்."

கூக்கா குனிந்து துணியின் முனைகளைச் சேர்த்துப் பிடித்தாள். தூக்கப் போனவள் நின்றாள். மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி முயன்றாள்.

"நோயெமி, அந்தப் பக்கம் பிடி."

நோயெமி இரண்டு முனைகளை வாங்கினாள். தூசியும் பூவும்தான் உள்ளே இருந்தன. அவளே பார்த்தாள். ஆனாலும் கை இறங்கியது. கூக்கா வாயில் விரலை வைத்து எச்சரித்தாள். இனி வீடு போகும்வரை பேச்சும் கிடையாது, திரும்பிப் பார்ப்பதும் கிடையாது. அவர்கள் நடக்கத் தொடங்கியபோது பின்னால் பிளாஸ்டிக் வாளி, கனமான ஆள் எழுந்தால் நெளிகிற மாதிரி, ஒரு முறை நெளிந்து சத்தம் போட்டது. பாசிலியோ 'அண்ணே' என்றார். நோயெமி கழுத்தை விறைத்துக்கொண்டு நேரே பார்த்தாள்.

பின்வழியில் சாமான் ஏற்றும் வண்டிகள் அடைத்துக்கொண்டிருந்ததால் நடைபாதை வழியாகவே போகவேண்டியிருந்தது. நல்ல கூட்டம். கடைசிப் பாட்டுக்காக மேடையை நோக்கி ஊரே வந்துகொண்டிருந்தது. கூக்காவும் நோயெமியும் துணியை ஆளுக்கொரு பக்கம் ஏந்திக்கொண்டு முன்னால் போனார்கள். அம்மா ஓரடி பின்னால், பக்கவாட்டில் வந்துகொண்டிருந்தாள். கடைக்கண்ணில் அவள் பாவாடை விளிம்பு மட்டும் நோயெமிக்குத் தெரிந்தது. வழக்கத்தைவிட மெதுவாக நடந்தாள்.

பழரசக் குவளைகள் அடுக்கிய பெரிய தட்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஒரு பெண் எதிரே வந்தாள். நோயெமியைத் தாண்டினாள், அம்மாவருகே வந்ததும் நின்றாள்.

"கொஞ்சம் வழி விடுங்க ஐயா" என்றாள்.

ஓத்திலியா ஒரு பக்கமாக ஒதுங்கி, அவருக்குத் தன் அருகில் இடம் கொடுத்தாள்.